நொச்சித் தைலம்

நொச்சி இலையை நிழலில்தான் உலர்த்த வேண்டும், மேடம். வெயிலில் போட்டால் வாசம் போய்விடும். மைசூரில் என் மாடியில் அதற்கு நல்ல இடம் இருந்தது.

ரங்கம்மா கீழ்வீட்டில் இருந்தார். என்னைப் போலவே ஹனூர்ப் பக்கத்துத் தமிழர், துணையை இழந்தவர். சர்க்கரை நோயால் பாதம் இரண்டும் தீயாய் எரியும் என்பார். சாயங்காலம் நான் தைலம் தேய்த்துவிடுவேன், அவர் ஊர்க்கதை பேசுவார். மனைவி போன பிறகு என்னிடம் தமிழில் பேச வேறு யாரும் இல்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையில் எரிச்சல் அடங்கியது. "இனி உங்களுக்கு எதுக்குங்ணா சிரமம்?" என்றார். அதன் பிறகு சாயங்காலங்களில் டிவியை மட்டும் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரை கிட்னியைக் கெடுக்கும் என்று அவரிடம் சொன்னேன். போனில் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைக் காட்டினேன். மிளகாய்க் காரத்தில் செய்யும் களிம்புக்கு ஓரளவு ஆதாரம் உண்டு, நொச்சியை எலிகளிடம்தான் சோதித்திருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நொச்சியே போதும் என்று படித்துக் காட்டினேன். மாத்திரையை நிறுத்திவிட்டார். எரிச்சல் திரும்பியது, நானும் தினமும் போனேன்.

சில மாதங்களில் எரிச்சல் தானாக நின்றது. "உங்க கை ராசிங்ணா," என்று கண் கலங்கினார். நரம்பு செத்தாலும் வலி நின்றுவிடும் என்று அதே கட்டுரையில் படித்திருந்தேன். சொல்லவில்லை.

பிறகு எதையோ மிதித்து உள்ளங்காலில் புண். அவருக்குத் தெரியவில்லை, குனிந்து பார்க்கவும் முடியாது. நான் பார்த்தேன். சொன்னால் மகள் மோகனப்ரியா அவரைப் பெங்களூருவுக்குக் கூட்டிப்போய்விடுவாள். வெகுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதனால் தினமும் புண்ணைத் துடைத்து, சுற்றிலும் தைலம் தடவி, சாக்ஸ் மாட்டிவிட்டேன். வாடை வந்தபோது தைலத்தில் கற்பூரம் சேர்த்தேன். காய்ச்சல் கண்டபோது, பனி என்றேன்.

மகள் வந்து சாக்ஸைக் கழற்றியபோது கால் கறுத்திருந்தது. காலை வெட்டி எடுத்தும் விஷம் ரத்தத்தில் ஏறி இறந்துவிட்டார்.

மாத்திரையை நிறுத்த வைத்தவன் நான். புண்ணை மறைத்தவனும் நான். வாக்குமூலத்தில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லுங்கள். ஆனால் புண் வந்ததிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற வரைக்கும் என் கையில் அவர் வலி என்று ஒரு சொல் சொன்னதில்லை, மேடம். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.