நான்காம் எண் வண்டிக்கு நான் போட்ட விலை

என் பெயர், தகப்பனார் பெயர், வீட்டு விலாசம் ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வயது ஐம்பத்து மூன்று. மோட்டார் வாகன மதிப்பீட்டாளராகத் தொழில் செய்கிறேன். முன்பு ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தேன், இப்போது சொந்தமாகச் செய்கிறேன். விபத்தில் நசுங்கிய வண்டி, கடனுக்கு ஜப்தியான வண்டி, பாகம் பிரிக்கையில் அண்ணன் தம்பி அடித்துக்கொள்ளும் வண்டி என எல்லாவற்றுக்கும் விலை போட்டிருக்கிறேன். இறந்தவரின் மைத்துனர் என்மேல் கொடுத்திருக்கும் புகாரை ஆய்வாளர் அம்மா எனக்குப் படித்துக் காட்டினார். அதன் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது.

இறந்தவரும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அவரை எல்லோரும் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவர் கைவைத்த வண்டியில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் சைலன்சர் படபடவென்று வெடிக்கும். கம்பெனியிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் காரைக் கடைசி ஆணி வரைக்கும் பிரித்து, எஞ்சினைத் திருத்தி, வேகம் கூட்டும் பெரிய டர்போ ஒன்றைப் பொருத்தி, அதற்கு வேண்டிய குழாய்களைத் தானே வளைத்துப் பற்றவைத்து, சக்கரங்களின் மேல் வரும் தகடுகளை அகலமாக்கி, வேறு வண்டியாகவே மாற்றித் தருவது அவர் வேலை. அப்படி முழுமையாக அவர் செய்தவை நான்கே நான்கு. ஒவ்வொன்றின் எஞ்சின் மேலும் ஒரு பித்தளைத் தகட்டில் எண்ணைத் தன் கையாலேயே வெட்டியிருப்பார். முதல் வண்டி எரிந்துபோனது. இரண்டாவது வெளிநாட்டுக்குப் போய் அங்கே ஏலத்தில் பெரிய விலைக்கு விற்றது. மூன்றாவதை வாங்கிய புண்ணியவான், பெட்ரோல் அதிகம் குடிக்கிறது என்று எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் பழைய கம்பெனி எஞ்சினையே திரும்ப வைத்துக்கொண்டான். நான்காவது, பட்டாசு தனக்கென்று வைத்துக்கொண்டது. அதன் சீட்டுகளைத் தைத்தது அவருடைய மனைவி. அந்தம்மாள் கார் சீட் தைக்கும் கடையில் வேலை பார்க்கிறார். என்னை அண்ணே என்று கூப்பிடுவார்.

சென்ற ஆண்டு பட்டாசுக்கு இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். மனைவி தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்றார், பரிசோதனையில் அதுவும் பொருந்திவிட்டது. ஆபரேஷன் செலவுக்கு விற்பதற்கு அவர்களிடம் இருந்தது அந்த வண்டி ஒன்றுதான். வீடு ஏற்கெனவே அடமானத்தில் இருந்தது. பிள்ளைகள் இல்லை. வண்டியைக் கேட்டு வந்தவர் ஒரு கட்டட காண்ட்ராக்டர், இதுபோன்ற வண்டிகளை ஆசையாகச் சேர்ப்பவர். இரண்டு பேருமே என் கணக்கை ஒப்புக்கொள்வதாகச் சொன்னதால் நான் மதிப்பீட்டுக்குப் போனேன்.

ஒரு முழுப் பகல் அந்த வண்டியோடு இருந்தேன். சேஸிஸ் எண்ணைப் பதிவோடு ஒத்துப் பார்த்தேன், பெயிண்டின் கனத்தைக் கருவி வைத்து அளந்தேன், அடியில் படுத்து வெல்டிங் ஒவ்வொன்றையும் பார்த்தேன். சாதாரணமாக, கம்பெனி வண்டியில் வெளியாள் கைவைத்தால் விலை இறங்கும். இந்த வண்டிக்கு அந்தக் கைதான் விலை. ஆகவே எந்த அட்டவணையும் உதவாது. எத்தனை இருக்கின்றன, இனி எத்தனை வரும் என்ற இரண்டையும் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். நான் போட்ட தொகை ஆபரேஷனுக்கும் அதற்குப் பிந்தைய மருந்துக்கும் சரியாக இருந்தது. மேற்கொண்டு ஒன்றும் மிஞ்சாது.

அதன் பிறகு அவர் பட்டறையிலேயே பட்டாசு, அந்தம்மாள், நான் மூன்று பேரும் டீ குடித்தோம். தொகையைச் சொன்னதும் பட்டாசு, "இவ்வளவுதானாடா?" என்று கேட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. "நீ உயிரோட இருக்கியே, அதுக்குத்தான் கழிச்சிருக்கேன். நாளைக்கே உக்காந்து அஞ்சாவது ஒண்ணு செஞ்சு நிறுத்திட்டேன்னா இதுக்கு என்ன மவுசு? நீ போய்ச் சேர்ந்தாத்தான் இது ரெண்டு மடங்கு" என்றேன். அவர் சிரித்தார். அந்தம்மாள் அதற்கும் மேலே சிரித்து, "நல்லா சொன்னீங்கண்ணே, இந்த மனுஷனால வீட்டுக்கு ஆகப்போற பிரயோஜனம் அது ஒண்ணுதான்" என்றார். அந்தம்மாள் சொன்னதை இதில் எழுத வேண்டாம் என்று நான் கேட்டுக்கொண்டேன். எழுதத்தான் வேண்டும் என்று அந்தம்மாளே ஆய்வாளரிடம் சொன்னதால் எழுதப்படுகிறது.

நான் கிளம்பும்போது பட்டாசு வாசல் வரைக்கும் வந்தார். அப்போது சிரிக்கவில்லை. "அந்த ரெண்டு மடங்கு நிஜமா? இல்ல, வாய்க்கு வந்ததைச் சொன்னியா?" என்று கேட்டார். இந்த இடத்தில் நான் சும்மா சொன்னேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என் தொழிலைச் சந்தேகப்படுகிறான் என்று எனக்குச் சுருக்கென்றது. "விலை விஷயத்துல நான் எவனுக்கும் பொய் சொன்னதில்லடா. ரெண்டுக்கு மேலயே போகும்" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "இதை வித்து ஆபரேஷன் பண்ணா, அவ ஒத்தைக் கிட்னியோட உக்காந்து எனக்கும் சேர்த்து சீட்டு தைக்கணும்" என்றார். உயிர் பிழைத்துக் கிடந்தால் மற்றதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு நான் வந்துவிட்டேன்.

அதன் பிறகு பட்டாசு காண்ட்ராக்டரிடம் கொஞ்சம் அவகாசம் கேட்டதாகத் தெரிந்தது. மதிப்பீட்டுக்குச் சில போட்டோக்கள் குறைந்ததால் நான் மறுபடியும் பட்டறைக்குப் போனேன். அன்று அவர் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய நாள். ஆனால் வண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஏன் போகவில்லை என்றதற்கு, அங்கே மெஷின் ரிப்பேர் என்றார். ஆயுசு முழுக்க மெஷின் ரிப்பேரையே பார்த்தவன் நான், நம்பிவிட்டேன். முகம் உப்பியிருந்தது. "என்னடா, மாமியார் வீட்டுச் சாப்பாடா?" என்று அதற்கும் ஒரு கேலி பேசினேன். முழங்கையில் பஞ்சு வைத்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தார். ஊசியே போடாத கையில் எதற்குப் பிளாஸ்டர் என்று எனக்குத் தோன்றவில்லை.

சுவரோரம் பார்த்தபோது, தகடு வளைக்கும் அச்சுகளும் குழாய்களுக்கான அளவுச் சட்டங்களும் இல்லை. அவை இருந்தால்தான் இன்னொரு வண்டி செய்ய முடியும். எங்கே என்று கேட்டேன். கேஸ் கட்டர் வைத்துத் துண்டு போட்டுப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதாகவும், கம்ப்யூட்டரில் இருந்த எஞ்சின் செட்டிங்குகளையும் அழித்துவிட்டதாகவும் சொன்னார். "இனிமே எதுக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு" என்றார். ஆய்வாளர் அம்மா, அப்போது என் மனதில் முதலில் என்ன பட்டது என்று கேட்டீர்கள். ஐந்தாவது வண்டி இனி வராது, ஆகவே விலையைக் கொஞ்சம் ஏற்றிப் போடலாம், இவர்கள் கையில் நாலு காசு மிஞ்சும் என்றுதான் பட்டது. சந்தோஷமாகவே வீட்டுக்குப் போனேன். நாற்பது வருடச் சிநேகிதன் கண்முன்னால் தன் கையைத் தானே வெட்டிப் போட்டிருக்கிறான், நான் விலையைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரக் கடைசியில் அவர் இறந்துவிட்டார். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. டயாலிசிஸ் மையத்துக்கு அவர் போவதை நிறுத்தி ரொம்ப நாளாகிவிட்டது என்பது அதன் பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தம்மாள் வேலைக்குப் போனதும் அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பி, பட்டறையில் அந்த வண்டிக்குள் சீட்டில் சாய்ந்திருந்துவிட்டு, பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். இறப்பதற்கு முந்தின நாள் மனைவியிடம், "அவன் சொன்ன விலைக்குக் கீழே குடுத்துடாதே" என்று சொல்லியிருக்கிறார். அந்தம்மாள் நான் எழுதிக் கொடுத்த விலையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சரி என்று தலையாட்டியிருக்கிறார்.

அடக்கம் முடிந்த பிறகு காண்ட்ராக்டர் எனக்குப் போன் செய்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. "ரொம்ப வருத்தமா இருக்கு சார். பழைய விலைக்குக் கேட்டா அது நியாயமில்ல, எனக்கே தெரியுது. ரெண்டு மடங்கா தந்துடறேன்" என்றார். நான் என்ன கணக்குப் போட்டேனோ அதே தொகை. இத்தனை வருடத் தொழிலில் என் கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பலித்ததே இல்லை. இதை அந்தம்மாளிடம் நான்தான் போய்ச் சொன்னேன், ஏனென்றால் அது அவருக்குச் சேர வேண்டியது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நின்ற அவர் தம்பி, இப்போது புகார் கொடுத்திருப்பவர், என் சட்டையைப் பிடித்து வெளியே தள்ளினார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

காண்ட்ராக்டரும் நானும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு இதைச் செய்தோம் என்று புகாரில் உள்ளது உண்மையல்ல. எனக்கு இதில் கூலியைத் தவிர ஒரு பைசா கிடையாது. அந்தக் கூலியையும் நான் வாங்கவில்லை. நான் தூண்டினேனா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லை. இதற்கு என்ன தண்டனை என்று சட்டத்தில் இருந்தால் கொடுங்கள், இல்லை என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

அதன் பிறகு, வழக்குச் சொத்தாகக் கைப்பற்றி நிலையத்துக்குப் பின்னால் நிறுத்தியிருக்கும் மேற்படி வண்டியை ஆய்வாளர் அம்மா எனக்குக் காட்டினார். பித்தளைத் தகட்டில் நான்கு என்ற எண்ணைப் பார்த்து அடையாளம் சொன்னேன். டிரைவர் சீட்டில் ஒருவர் சாய்ந்திருந்த பள்ளம் இன்னும் எழும்பவில்லை. மழை வந்தால் சீட்டு ஊறிவிடும் என்பதால் ஒரு தார்ப்பாய் போட்டு மூடும்படி கேட்டுக்கொண்டேன்.

கைப்பற்றிய சொத்தின் இன்றைய மதிப்பு என்ன என்று கேட்கப்பட்டது. நான் பேனாவை எடுத்தபோது, விசாரணைக்காக அங்கே வந்திருந்த அந்தம்மாள் எழுந்து பக்கத்தில் வந்தார். அன்றிலிருந்து என்னோடு பேசாதவர், "அண்ணே, அவர் இருக்கும்போது போட்டீங்களே, அந்த விலையையே எழுதுங்க. இன்னொண்ணை நான் தொடமாட்டேன்" என்றார். நான் அதையே எழுதியிருக்கிறேன். இது சரியில்லை என்றால் வேறு மதிப்பீட்டாளரை வைத்துக்கொள்ளுங்கள், நான் மாற்றி எழுதமாட்டேன்.

இதை எனக்குப் படித்துக் காட்டக் கேட்டேன். வண்டியின் விலை என்று நான் எழுதியிருக்கும் தொகை ஒன்றைத் தவிர, இதில் சொன்னவை அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)
மோட்டார் வாகன மதிப்பீட்டாளர்

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்)
ஆய்வாளர்