கஞ்சி காயாத பாவு

டப். டப். டப். மூங்கில் வெடிக்கிற மாதிரி சத்தம். கிழக்கே தோப்பிலிருந்து வருகிறது. தெருவில் பாவு, தறியில் ஏற்றப்போகும் நீள நூல், விரித்திருக்கிறது. நாற்பது முழம். நூல் மண்ணில் படாமல் தாங்குகிற கோலை நான் பிடித்து நிற்கிறேன். எனக்கு ஒன்பது வயது.

பர்மா. ஜப்பான்காரர்கள் வந்து மூன்று வருடம் ஆன பங்குனி. செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறும் நேரம். ஐயம்பேட்டையிலிருந்து போய் அங்கே லுங்கி நெய்த குடும்பம் எங்களுடையது. தோப்பில் காட்டுப்படை, ஜப்பான்காரனை எதிர்த்துக் கிளம்பிய பர்மாக்காரப் பிள்ளைகள். மேற்குக் கோடியில் ஜப்பான் முகாம். நடுவில் நாங்கள்.

நூலுக்குக் கஞ்சி போட்டால் காயும்வரை கையை எடுக்கக் கூடாது. எடுத்தால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். தெருவில் சாவு விழுந்தாலும் பாவைச் சுருட்டிவிட்டுத்தான் போவோம். அப்படியே பழகிவிட்டோம். அதுவும் சண்டைக் காலம். ஆறு மாதம் சேர்த்த நூல்.

"யாரும் கைய எடுக்காதீங்க! இன்னும் கொஞ்ச நேரம்தான், காஞ்சிடும்!" நயினா, என் அப்பா, கத்துகிறார்.

"ஜப்பான்காரனுக்குக் கோவணம் இல்லியாம்பா. அதான் நம்ம பாவு மேல கண்ணு!" சித்தப்பா சொன்னார். கூடப் பிறந்த சரசு அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தடதடதடவென்று நீளமாக ஒரு சத்தம். இது முகாமிலிருந்து. என் கால் மேல் மண் தெறித்தது. கோலைப் போட்டேன். ஓடினேன். சாக்கடையில் குப்புற விழுந்தேன்.

"கோலப் புடிடி சரசு! நூலு மண்ணுல வுழுது!"

அம்மாவின் குரல். சரசு ஓடி வந்தாள். குனிந்தாள். கோலை எடுத்து நிமிர்ந்தாள்.

ஒரே ஒரு சத்தம். தகரத்தில் கல் விழுந்த மாதிரி.

"உட்டுட்டு ஓடுங்க! எல்லாத்தையும் உட்டுட்டு ஓடுங்க!" நயினா இப்போதுதான் கத்துகிறார். சரசுவைத் தூக்க வந்த சித்தப்பாவும் அவள் பக்கத்திலேயே விழுந்தார்.

உச்சி வேளைக்குள் ஓய்ந்துவிட்டது. காட்டுப்படை போய்விட்டது.

ஊர் திரும்பிய பிறகு அம்மா இருபது வருடம் இருந்தாள். ஏன்டி கோலை விட்டாய் என்று என்னைக் கேட்டதில்லை. ஏன் அக்காவைக் கூப்பிட்டாய் என்று நானும் கேட்டதில்லை. ஒரே பாயில்தான் படுத்தோம்.

அன்று போனவை. ஆறு மாத நூல். ஜப்பான்காரர் நான்கு பேர். காட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று தெரியாது, தூக்கிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருவில் ஐந்து பேர். பர்மாக்காரக் கிழவர் ஒருவர். எதிர்வீட்டுத் தாயும் கைப்பிள்ளையும். சித்தப்பா. ஐந்தாவது சரசு. வயது பதினான்கு. நின்றது என் இடத்தில்.