ஹெட்செட் காணாத கைகள்

பன்னிரண்டு ஆண்டுகள் சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட் ஓரத்தில் நின்று, கரித்தூளைத் தின்று, உழைப்பால் உயர்ந்து, இன்று பாதுகாப்பு வார நிறைவு விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பயிற்சி அலுவலர் எழில்மதி அம்மையார் அவர்களே! பொன்னாடை போர்த்திய பெரியோர்களே! முதல் ஷிஃப்ட் முடித்து முகங்கழுவ நேரமின்றி இந்த மந்தாரக்குப்பத்து மண்டபத்தை நிறைத்திருக்கும் தோழர்களே! இடுப்பில் பிள்ளையோடும் கையில் டிபன் டப்பாவோடும் வந்திருக்கும் தாய்மார்களே! பெல்ட் ஆபரேட்டர் சிலம்பரசன் உங்களை வணங்குகிறேன்.

'ஹெட்செட் பயிற்சியின் நன்மைகள்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் நான். பரிசாக இந்தப் பேனாவும் வாங்கிவிட்டேன். நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால், நாளைக் காலை பத்து மணிக்கு நம் பெல்ட்டில் கரி அள்ளும் வீராயியின் கேட் பாஸ் முடிகிறதே! இந்தத் தேர்வில் தேறாமல் அதைப் புதுப்பிக்க மாட்டார்களே! அப்புறம் மைன்ஸ் வாசலில் அவளை யார் உள்ளே விடுவார்கள்? நான் எப்படி உட்காருவேன்?

தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஹெட்செட்டைக் கண்ணில் மாட்டினால் சுரங்கமே முன்னால் வந்து நிற்கும். கையில் பிடிக்க ஒன்றும் கிடையாது. நம் கையைத்தான் அதன் கேமரா பார்க்கும். ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் ஒட்டினால் பொத்தானை அழுத்தியதாகக் கணக்கு. திடீரென்று ஒருவன் பெல்ட்டில் மாட்டிக்கொள்வான். சிவப்புப் பொத்தானைப் பார்த்து விரலை ஒட்ட வேண்டும். ஒட்டினால் தேர்ச்சி.

என்ன தம்பி, சிரிப்பு? ஆமாம், கிள்ளுவது மாதிரிதான்!

வீராயி என்ன செய்தாள்? ஆள் மாட்டியதைப் பார்த்தாள். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினாள், குறுக்கே மடக்கினாள், அப்படியே நின்றாள். தலைக்குமேல் போன கை கேமராவுக்குத் தெரியவில்லை. திரையில் என்ன வந்தது தெரியுமா? 'கைகள் இல்லை. செயல்படவில்லை. தோல்வி.' ஒரு முறை அல்ல, இரு முறை!

"ஏம்மா இப்படிச் செய்தாய்?" என்று கேட்டேன். "அண்ணே, ஆளு மாட்டிக்கினான்னு தெரிஞ்சதும் கை தானா மேல பூடுச்சிண்ணே. வெரல ஒட்டிக்கினு நிக்கத் தோணுமா?" என்றாள். அடடா, அதே கேள்வியைத்தான் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

போன ஐப்பசி மழையை நினைத்துப் பாருங்கள். அதோ, மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அன்புச்செல்வனின் மழைக்கோட்டுக் கை உருளையில் சிக்கியது. நிறுத்தும் கயிறு பெல்ட்டுக்கு எதிர்ப்பக்கம். பெல்ட் இரைச்சலில் பக்கத்தில் கத்தினாலே கேட்காது. அறுபது அடிக்கு அப்பால் கேபினில் இருந்த எனக்குக் கேட்குமா? கேட்கவில்லை! ஆனால் தெரிந்தது. 'பெல்ட்டை நிறுத்து' என்று மழைக்குள்ளே தலைக்குமேல் குறுக்கே நின்ற இரண்டு கைகள் தெரிந்தன. நிறுத்தினேன். அன்பு, கையைக் காட்டப்பா. பாருங்கள், ஐந்து விரலும் இருக்கின்றன. யார் காப்பாற்றியது? கை இல்லை என்று எழுதப்பட்ட அந்த வீராயிதானே!

இதோ, எனக்கு ஒரு துண்டுச்சீட்டு வருகிறது. 'சுருக்கமாக முடிக்கவும்.' முடிக்கிறேன் ஐயா, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

நான் ஏன் நூறு வாங்கினேன்? பொம்மைதான் மாட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்; நான் பதறவில்லை. வீராயிக்கு அது பொம்மையாகத் தெரியவில்லை, ஆளாகத் தெரிந்தது. எனக்குப் பரிசு, அவளுக்கு வாசலா? வெட்கமாக இருக்கிறது தோழர்களே!

ஹெட்செட்டை உடைக்கச் சொல்லவில்லை. நம் கைமொழியை அதற்குக் கற்றுக்கொடுங்கள் என்கிறேன். கற்கும்வரை அவளை வெளியே தள்ளாதீர்கள் என்கிறேன்.

சந்தேகம் இருந்தால் இங்கேயே சோதிப்போம். யாரும் வாய் திறக்கக்கூடாது. பெல்ட்டில் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்கள். பெல்ட் ஓடுகிறது. இரைச்சல் காதை அடைக்கிறது. ஐயோ, ஆள் மாட்டிக்கொண்டான்! நிறுத்தச் சொல்லுங்கள்! ம்!

பார்த்தீர்களா! எத்தனை கைகள்! ஒருவராவது விரலை ஒட்டினீர்களா?

கொஞ்சம் பொறுங்கள். யாரும் கையை இறக்காதீர்கள். மேடையைப் பாருங்கள்... தலைவர் அம்மா, நீங்களுமா! எழுந்ததும் தெரியாமல், தூக்கியதும் தெரியாமல், உங்கள் கையும் தலைக்குமேல் குறுக்கே நிற்கிறதே அம்மா! உங்களையும் தோல்வி என்று எழுதிவிடலாமா?

வீராயி, அம்மா கையெழுத்துப் போட வேண்டிய அந்தப் பாஸ் புதுப்பிக்கும் தாளை முந்தானையில் முடிஞ்சிக்கினுதானே வந்தே? எடுத்துக்கினு மேல வாம்மா. பயப்படாதே, வா.

அம்மா, என்ன கேட்கிறீர்கள்? மைக்கில் சொல்லுங்கள்... தோழர்களே, யாரிடமாவது பேனா இருக்கிறதா என்று கேட்கிறார்கள்!

இந்தாருங்கள் அம்மா, என் பரிசுப் பேனா. இன்னும் திறக்கவே இல்லை. முதல் கையெழுத்து வீராயிக்கே ஆகட்டும்.

இதற்குமேல் எனக்கென்ன பேச்சு? பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. தூக்கிய கைகளை இப்போது இறக்கலாம். வணக்கம்.