கோட்டுப் போடாத எமிலியானுஸ்

மன்றத் தலைவர் அருளம்பலம் அவர்களே, மேடையை நிறைத்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, முன்வரிசையில் இருக்கும் எமிலியானுஸின் மனைவி மாக்கிரட்டே, உறவுகளே, வணக்கம்!

நான் அக்னெஸ். எமிலியானுஸ் கிற்றார் வாசித்துப் பாடிய 'வெற் மிற்றன்ஸ்', அதாவது 'நனைந்த கையுறைகள்' என்ற குழுவில் டிரம்ஸ் அடித்தவள். இன்று இந்த அஞ்சலிக் கூட்டத்தில் அவனுக்குப் 'பல்லிசைச் செம்மல்' என்று பட்டம் சூட்டினீர்கள். எனக்கு முன் பேசியவர்களில் ஒருவராவது அவன் பாடி ஒரு வரி கேட்டதுண்டா? அவன் உயிரோடு இருந்தபோது நீங்கள் கொடுத்த பட்டம் 'தகர டப்பா'. அதையும் பதாகையில் எழுதியிருக்கலாமே!

அந்தப் பதாகையைப் பாருங்கள். அது எங்கள் இசைத்தட்டின் அட்டைப்படம். எங்களை வெட்டி எறிந்தீர்கள், போகட்டும். அவன் கிற்றாரை அழித்துவிட்டு, கணினியில் கோட்டும் கழுத்தில் ரையும் மாட்டியிருக்கிறீர்கள். தன் கலியாணத்துக்கே கோட்டுப் போடாதவன் எங்கள் எமிலியானுஸ்! ஆனால் இடதுகையை மறந்துவிட்டீர்கள். விரல்கள் மடிந்தபடி அந்தரத்தில் நிற்கின்றன. அவை எதைப் பிடித்திருக்கின்றன, தலைவர் அவர்களே? உங்கள் ரையையா?

எண்பத்தொன்பதில் இந்த மன்றத்தின் கலைவிழாவில் வாசித்தோம். இந்த நகரத்துக் கோட்-டெ-நேஜ் தெருவின் பஸ் தரிப்பில், பனியில், நனைந்த கையுறையோடு நிற்கும் ஒருவனின் பாட்டு. இங்கிருக்கும் எல்லோரும் நின்ற தரிப்புத்தான் அது. பாதியில் இதே தலைவர் எழுந்து வந்து ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கினார். மண்டபம் சிரித்தது. எமிலியானுஸ் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பி, "உனக்குக் கரண்ட் தேவையில்லை, அக்னெஸ். நீ அடி" என்றான். அடித்தேன். அவன் வெறுந்தொண்டையில் பாடி முடித்தான்.

பிறகு அவன் டவுன்டவுன் உணவகத்தில் சமைத்தான். பாட்டை எல்லோரும் மறந்தார்கள். போன வருடம் செலீன் என்ற மாணவி, யாரோ கழித்துவிட்ட பெட்டியில் எங்கள் இசைத்தட்டை எடுத்து, மாணவர் வானொலியில் போட்டாள். அவனைத் தேடிச் சமையலறைப் பின்கதவுக்கே போனாள். கியூபெக் பிள்ளைகள் எங்கள் பாட்டை மனப்பாடம் செய்தார்கள். பிரெஞ்சுப் பத்திரிகையில் அவன் படம் வந்தது. அதற்குப் பிறகுதானே, ஐயாமாரே, அவன் 'நம்மவன்' ஆனான்? வெள்ளைக்காரன் கைதட்டினால்தான் உங்கள் காது திறக்குமா?

மாக்கிரட் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். பட்டம் கேட்கவில்லை, பதாகை கேட்கவில்லை. இன்று அந்தப் பாட்டு ஒருமுறை ஒலிக்க வேண்டும் என்றாள். "செத்த வீட்டுக்கு அது மரியாதையில்லை" என்று மறுத்தீர்கள்.

எமிலியானுஸ், உன் பாட்டை நான் விடமாட்டேன். செலீனும் நானும் ஊரெல்லாம் வாசிப்போம். இவர்களிடம் மட்டும் மண்டபம் கேட்கமாட்டோம்.

தலைவர் கைகாட்டுகிறார், நேரம் முடிந்ததாம். ஒலிவாங்கியை நிறுத்துங்கள். எனக்குக் கரண்ட் தேவையில்லை. டிரம்ஸ் குச்சிகளைக் கைப்பையில் கொண்டுவந்திருக்கிறேன். மாக்கிரட், வரிகள் உனக்குத் தெரியும், நீ பாடு. பெரியோர்களே, அடிக்க எனக்கு உங்கள் மேசை வேண்டும்; அதில் இருக்கும் உங்கள் தண்ணீர்ப் போத்தல்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.