ஒன்பதாம் மாடிக் கண்ணாடியில் ஒரு கறை

பெயர் கிடையாது, சக காவலர்கள் 'சிங்காரம்' என்று கேலியாகக் கூப்பிடுவார்கள். வயது முந்நூற்றுப் பன்னிரண்டு. பார்த்தால் முப்பதுக்கு மேல் சொல்ல மாட்டார்கள். தொழில், காவல் தேவதை. முகவரி, கண்ணாடி துடைப்பவரின் இடது தோளுக்குப் பின்னால் ஒரு முழம்.

மேற்படி கண்ணாடி துடைப்பவர் உயரமான கட்டிடங்களில் கயிற்றில் தொங்கி வேலை செய்பவர். அவரைப் பதினொரு வருடமாகக் காத்து வருகிறேன். இந்த வேலையை நானே கேட்டு வாங்கினேன். காரணம் கண்ணாடிதான். என் இறக்கைகள் அப்போது அவ்வளவு அழகு.

அவர் மனைவியின் அண்ணன், அதாவது தற்போது தங்கள் காவல் நிலைய லாக்கப்பில் இருப்பவர், மொட்டைமாடியில் நின்று கயிற்றைக் கவனிப்பார். சுவர் விளிம்பு கயிற்றை அறுக்காமல் இருக்க அடியில் நான்காக மடித்த துணி வைப்பார்கள். ஒவ்வொரு மாடி இறங்கும்போதும் கீழே இருப்பவர் "துணி?" என்பார். மேலே இருப்பவர் "இருக்கு" என்பார்.

நேற்றுக் காலை பத்தரை மணிக்கு, ஒன்பதாம் மாடியில் அவர் துடைத்து முடித்த கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். மூக்குக்கு நேராக ஒரு கறை இருந்தது. எனக்கு மனம் கேட்கவில்லை. அதன் பிறகு மேலே போய், மச்சான் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரத்தில் அந்தத் துணியை உருவி வந்து கறையைத் துடைத்தேன். உடனே திருப்பி வைத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் முகம் பளிச்சென்று தெரிந்ததால் அங்கேயே நின்றுவிட்டேன். அப்போது அவர் "துணி?" என்று கேட்டார். மச்சான் பாட்டிலை மூடிக்கொண்டே, பழக்கத்தில், பார்க்காமலே "இருக்கு" என்றார். துணி என் கையில் இருந்தது.

அவர் இறங்கத் தொடங்கியதும் சுவர் விளிம்பில் உரசிக் கயிற்றில் ஒரு புரி அறுந்தது. கயிறு ஓர் அடி சறுக்கியதில் அவர் கால் ஜன்னல் சட்டத்தில் மோதி முறிந்தது. நான் மேலே பறந்து என் இடது இறக்கையைக் கயிற்றுக்கு அடியில் கொடுத்தேன். மச்சான் உள்ளங்கைத் தோல் உரிய உரிய இருபது நிமிடம் இழுத்து அவரை மேலே ஏற்றினார். அதற்குள் அந்த இறக்கையில் ஓர் இறகுகூட மிச்சமில்லை.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் அவர், "மச்சான்தான் துணிய எடுத்துட்டு, 'இருக்கு'ன்னு பொய் சொன்னாரு, நான் சாகணும்னே" என்று தங்களிடம் சொன்னபோது கட்டிலருகில் இருந்தேன். மனைவி, "புருஷனா அண்ணனான்னு என்னைக் கேக்காதீங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்களில் யாராவது மனிதர் கண்ணுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். இன்று இரண்டு முறை இந்த நிலைய வாசல்வரை வந்து திரும்பிப் போனேன். வேலை போவதைவிட இந்த இறக்கையோடு வெளியே தெரிவதற்குத்தான் பயந்தேன். மூன்று மணிக்கு அவருக்குக் கால் ஆபரேஷன். இப்போது இரண்டு இருபது. வேலை போனாலும் மாற்று ஆள் வரும்வரை நான் அவர் பக்கத்தில் நிற்கலாம். இங்கே இருக்கும்வரை அவர் தோளுக்குப் பின்னால் யாருமில்லை. தயவுசெய்து சீக்கிரம் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா.

துணியை எடுத்தது நான். மச்சான் எடுக்கவில்லை.

எழுதியதை எழுத்தர் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ இல்லை. போட்டோ எடுக்கும்போது எழுத்தர் இரக்கப்பட்டு, "வலது பக்கமா திரும்பி நில்லுங்க, அந்தப் பக்கம் நல்லாருக்கு" என்றார். இடது பக்கமே எடுக்கச் சொன்னேன். கயிற்றின் தடம் அங்கேதான் இருக்கிறது.

(இடது பெருவிரல் ரேகை)