வயிறு நிறைந்த மான்கள்

எனக்குத் தேநீர் நன்றாகப் போட வரும். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. இந்த மான் காப்பகத்தின் மருத்துவரம்மாவே சொல்லியிருக்கிறார்.

ஐயா, நான் பின்வாயிற்காவலன். இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த அறையில் தனிக்கட்டை. இறந்த மானை அறுத்துப் பார்ப்பது பக்கத்துக் கொட்டகையில்தான். அன்று மட்டும் மருத்துவரம்மா வருவார். வேலை முடிந்ததும் கைகழுவிவிட்டு என் முக்காலியில் அமர்வார். மகளின் பிடிவாதம், மாமியாரின் குறட்டை என்று ஒரு மணி நேரம் பேசுவார். அதை நான் மாதக்கணக்கில் அசைபோடுவேன். அடுத்த மான் சாகும்வரை என்னை ‘வா’ என்றழைக்க ஓர் ஆள் இராது.

மானின் வயிற்றை எனக்கு விளக்கியவரும் அவரே. கண்ணுக்குத் தெரியாத கோடி உயிர்கள் அங்கே இருந்துகொண்டு, தின்ற தழையைப் புளிக்கவைத்து உணவாக்குகின்றன. கோடையில் அவை காய்ந்த இலைக்கும் பட்டைக்கும் பழகியிருக்கும். அப்போது திடீரென்று தானியத்தைக் கொட்டினால், வயிறு அளவுமீறிப் புளித்து அமிலமாகும். அசைபோடுவது நிற்கும், ஓரிரு நாளில் மான் வயிறு நிறைந்தே சாகும். ‘தானியம் போடாதீர்கள்’ என்னும் பலகையை எழுதியவன் நான். படித்தவர்களே அதைப் படிப்பதில்லை.

போன கோடையில், யாரோ வீசிய சோளத்தைத் தின்று ஒரு பெண்மான் செத்தது. தேநீரை உறிஞ்சியபடி மருத்துவரம்மா சிரித்தார்: "உங்க கையால டீ குடிக்கணும்னா ஒரு மான் சாக வேண்டியிருக்கு, பாருங்கண்ணே."

விளையாட்டாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனத்தில் இல்லாதது வாயில் வருமா?

இந்தக் கோடையில் நான் வைத்த சோளத்தில் நஞ்சு ஏதும் இல்லை. கல் பொறுக்கி, புடைத்துத்தான் வைத்தேன். என் குரல் பழகிய மான்கள். நம்பி வந்து தின்றன. ஒவ்வொரு முறையும் அவர் வந்தார். ஆறு மான்கள் செத்ததும் பார்வையாளர்களைத் தடுத்துக் காப்பகத்தைப் பூட்டினார்கள். அதன் பிறகும் ஐந்து செத்தன. கவனக்குறைவு என்று எழுதிவிடாதீர்கள். நான் எதையும் அரைகுறையாகச் செய்பவனல்லன்.

இன்று காலை அவர் கைகழுவவே இல்லை. உள்ளங்கையில் சோளமணிகளோடு என் வாசலில் வந்து நின்றார்.

"கேட் பூட்டித்தானே இருந்துச்சு. சாவி உங்ககிட்டதானே?"

"ஆமாம்மா."

"ஏண்ணே?"

கேட்டவர் விடைக்குக் காத்திருக்க வேண்டாமா? உங்களை அழைக்கப் போய்விட்டார்.

பதினொரு மான்களையும் நான்தான் கொன்றேன். கையொப்பமிடுகிறேன். அதற்குமுன், வெளியே நிற்கும் மருத்துவரம்மாவை உள்ளே வரச் சொல்லுங்கள். அவருக்கு என்மீது கோபம் இராது. இன்றும் ஒரு மான் செத்திருக்கிறதல்லவா? தேநீர் ஆறுகிறது.