தையல்காரியின் ஸ

தையல்காரி: ...எனக்கு வராதுங்க. வாத்தியார் ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டார். இன்னைக்கும் கோட்டை விட்டா அவ்வளவுதான், இந்தப் பாட்டு வகுப்புல சேர்த்துக்கவே மாட்டாராம்.

பக்கத்து நாற்காலி: எங்க தடுக்குது?

தையல்காரி: ஏழு சுரமும் ஏறி இறங்கணும். மேல் ஸ கிட்ட போனா கீச்சுங்குது. கீழ ஆரம்பிச்சா தொண்டைக்குள்ளயே அமுங்கிடுது.

பக்கத்து நாற்காலி: எந்த ஸ-வுல ஆரம்பிச்சீங்க?

தையல்காரி: எந்த ஸ-வா? இருக்கறதே ஒண்ணுதானே! வாத்தியார் சுருதிப் பெட்டியில வச்சிருக்கற...

பக்கத்து நாற்காலி: அடக் கடவுளே! அது அவர் தொண்டைக்கு வச்ச ஸ. உங்களுது வேற.

தையல்காரி: சும்மா இருங்க...

பக்கத்து நாற்காலி: உங்க வீட்டுக்காரர் அளவுக்கு உங்களுக்குச் சட்டை தைச்சுப்பீங்களா?

தையல்காரி: ஐயோ, சிரிப்பு மூட்டாதீங்க, உள்ள கேட்கும்!

பக்கத்து நாற்காலி: யாரோ கதை சொல்றாங்க, நீங்க 'ம்' கொட்டறீங்க. எங்க, கொட்டுங்க.

தையல்காரி: ம்... ம்ம்ம்...

பக்கத்து நாற்காலி: நில்லுங்க! அதான் உங்க ஸ. எங்க வேணா வைக்கலாம், வச்சப்புறம் அசையக் கூடாது. ப-வும் அசையாது. மத்த அஞ்சும்தான் ராகத்துக்கு ராகம் இடம் மாறும்.

தையல்காரி: இவ்வளவுதானா! தாளம்?

பக்கத்து நாற்காலி: தொடையில ஒரு தட்டு, மூணு விரல் எண்ணுங்க. தட்டு, திருப்பு. தட்டு, திருப்பு. பதறாம போடுங்க. முதல்ல அந்தச் சுருதிப் பெட்டியை மாத்தச் சொல்லுங்க.

தையல்காரி: அவர்கிட்டயா? கடிச்சுக் குதறிடுவார்!

பக்கத்து நாற்காலி: குதறட்டும். நடங்க, நானும் வரேன்.

வாத்தியார்: அடுத்தது யாரு... மறுபடியும் நீங்களா! சரி, ஆரம்பிங்க.

தையல்காரி: சார்... பெட்டியில சுருதியை மாத்தணும்.

வாத்தியார்: என்னது? இங்க எல்லாரும் என் சுருதியிலதான் பாடணும்!

தையல்காரி: அதான் சார் எட்டவே மாட்டேங்குது. ஒரே ஒரு தரம்... திருப்புங்க... இன்னும்... ம்ம்ம்... போதும்! இது என் ஸ. ஸ... ரி... க... ம...

வாத்தியார்: தாளம், தாளம்!

தையல்காரி: ப... த... நி... ஸா...!

வாத்தியார்: அட! இறங்குங்க, இறங்குங்க!

தையல்காரி: ஸா... நி... த... ப... ம... க... ரி... ஸ. எட்டிட்டேன்! சார், எட்டிட்டேன்!

வாத்தியார்: அடேயப்பா... இந்தக் குரலை இத்தனை நாள் எங்கம்மா வச்சிருந்தீங்க? சேர்த்தாச்சு, சேர்த்தாச்சு! ஆமா... சுருதியை மாத்தச் சொல்லி யார் சொல்லிக் கொடுத்தது?

தையல்காரி: இதோ, இந்த அக்காதான். இவங்களும் சேரத்தான் வந்திருக்காங்க.

வாத்தியார்: இவளா! ஏய்... வீட்டைப் பூட்டினியா? உனக்கு இங்க என்ன வேலை?

பக்கத்து நாற்காலி: கல்யாணம் ஆன நாள்லேருந்து "உனக்குக் குரலே இல்லை"ன்னு சொல்லிட்டிருக்கீங்களே... நீங்க இல்லாதப்ப நானும் பெட்டியைத் திருப்பித்தான் பார்த்தேன். கையை எடுங்க, அது அப்படியே இருக்கட்டும். அடுத்தது நான்.